சதுரகிரி – பாதி மலை

"சதுரகிரி பயணம்"னு தலைப்பு வச்சா, மேலே போய் சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டு வந்த மாதிரி ஆயிடும். நாங்க பார்க்கலை. அதனாலதான் இந்தத் தலைப்பு. புண்ணியம் தேடி உள்ளே வந்தவங்க மன்னிக்க :-)

2023-ல நடந்தது. எங்க புராஜெக்டுக்காக ஜப்பான்ல இருந்து மூணு மாசம் சென்னைக்கு வந்திருந்தார் ஒரு நண்பர். நாப்பது வயசு இருக்கும். ஃபூஜி மலையை ரெண்டு தடவை ஏறினவர். ஒருநாள் டீ குடிக்கிறப்போ "உங்க ஊர் பக்கம் மலை ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டார். ராஜபாளையத்துக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? எங்க ஊர்ல மேற்கே திரும்பி நின்னா மலையைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. சரி வாங்கன்னேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். கார் வேண்டாம், ஜனங்க எப்படிப் போவாங்களோ அப்படித்தான் போகணுமாம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள். பொதிகை எக்ஸ்பிரஸ்ல விடிகாலை இறங்கி, வீட்ல குளிச்சு, அம்மா கொடுத்த இட்லியை முடிச்சுட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கிறார், காசு வாங்கலை. நண்பருக்கு அது புரியவே இல்லை. 2021-ல இருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பஸ்ஸைச் சுத்திப் பார்த்துட்டு, "பாதிக்கு மேல பெண்கள்தான்"னார். நான் அதே பஸ்ல எத்தனையோ தடவை போயிருக்கேன், எண்ணிப் பார்த்ததில்லை.

வில்லிபுத்தூர்ல ஆண்டாள் கோயிலோட பதினொரு நிலை கோபுரத்தைக் காட்டி, தமிழக அரசு முத்திரையில இருக்கிறது இதுதான்னு பெருமையா சொன்னேன். (மதுரைக்காரங்க அது மீனாட்சியம்மன் கோயில் கோபுரம்னு சொல்லுவாங்க. பின்னூட்டத்துல சண்டைக்கு வராதீங்கப்பா.)

அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ். எங்களுக்கு முன் சீட்ல மஞ்சப்பையோட ஒரு பாட்டி. திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு கடைசியில கேட்டுருச்சு.

"ஏப்பா, தம்பிக்கு நேபாளமா?"

"ஜப்பான் பாட்டி. மலைக்குத்தான் வர்றாரு."

"அம்புட்டுத் தொலைவா! மகாலிங்கம் கூப்பிட்டிருக்கான்யா."

அதோட அந்தப் பாட்டி எங்களோட ஒட்டிக்கிச்சு. முப்பது வருஷமா ஆடி அமாவாசைக்கு வர்ற ஆள். இப்பல்லாம் அந்தக் கூட்டத்துல முடியலைன்னு பௌர்ணமிக்கு வருதாம். வத்திராயிருப்புல ஷேர் ஆட்டோ பிடிச்சு தாணிப்பாறைக்கு மூணு பேருமாப் போனோம்.

தாணிப்பாறையில வனத்துறை செக்போஸ்ட். பையைத் துழாவி பிளாஸ்டிக் இருந்தா எடுத்துடுவாங்க. அப்போ அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டி மாசத்துல எட்டு நாள்தான் அனுமதி. அதுவும் பகல் பன்னிரண்டுக்கு மேல ஏற விடமாட்டாங்க, ராத்திரி தங்கவும் கூடாது. சாமி கும்பிட ஏன் இத்தனை கெடுபிடின்னு எங்க ஊர்லயே நிறைய பேர் கோவப்படுவாங்க. நண்பரும் ஏன்னு கேட்டார். ரெண்டு காரணம் சொன்னேன். ஒண்ணு, இது காடு. 1988-லயே சாம்பல் நிற அணிலுக்காக சரணாலயம் ஆன பகுதி, 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிடுச்சு. ரெண்டாவது, 2015 மே மாசம் நடந்தது. அமாவாசைக்கு வந்த கூட்டம் மலையில இருக்கும்போது மழை கொட்டி, ஓடையில திடீர்னு வெள்ளம் வந்து பல பேர் செத்துப் போனாங்க. கீழே வெயில் அடிக்கும், மேலே எங்கயோ பெய்யும், தண்ணி நம்ம காலடிக்கு வந்தப்புறம்தான் தெரியும். இந்த மலையோட குணம் அது.

ஒன்பதரைக்கு ஏற ஆரம்பிச்சோம். கருப்பசாமி, வழுக்குப்பாறை, மாங்கனி ஓடை. ஓடையில கணுக்கால் அளவுதான் தண்ணி, பளிங்கு மாதிரி. நண்பர் நின்னு நின்னு போட்டோ எடுத்தார். பாட்டி வெறுங்கால். பத்து படிக்கு ஒரு தடவை உக்காரும், ஆனா எங்களை முந்திக்கிட்டே இருக்கும். எப்படின்னு இன்னிக்கும் புரியலை. வழியில ஒரு குடும்பம், ரெண்டு பொடிசுங்களோட. சின்னது அப்பா தோள்ல. எங்களைத் தாண்டி வேகமா மேலே போயிட்டாங்க.

கோரக்கர் குகை தாண்டி இரட்டை லிங்கம் வந்தப்போ மணி பன்னிரண்டு. தலைக்கு மேலே நல்ல வெயில். பாட்டி உக்காந்துச்சு, எந்திரிக்கவே இல்லை. மேற்கே பார்த்துக்கிட்டே இருந்துச்சு. முகட்டுல கருப்பா ஒரு மேகம்.

"இன்னைக்கு இம்புட்டுத்தான்யா. இறங்குவோம்."

"பாட்டி, இன்னும் பாதி தூரம்தானே?"

"அந்த வருசம் நான் மேலதான் இருந்தேன். இப்படித்தான் கெடந்துச்சு வானம்."

அதுக்கு மேல நான் என்ன பேச? நண்பருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஏமாத்தம் இருக்கும்னு நினைச்சேன். அவர் ஷூவைக் கழட்டிட்டு, பாட்டி கும்பிட்ட திசையில இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்பிட்டார். அவங்க ஊர்ல 'யோஹாய்ஜோ'ன்னு உண்டாம், மேலே போக முடியாதவங்க தூரத்துல நின்னு கும்பிடறதுக்குன்னே இருக்கிற இடம். பாட்டிகிட்ட சொன்னேன். "பின்ன, அவன் என்ன மேல மட்டுமா இருக்கான்?"னுட்டு நடக்க ஆரம்பிச்சுருச்சு.

இறங்குறப்போ எதிரே வந்தவங்க எல்லார்கிட்டயும் பாட்டி சொல்லிச்சு. நாலஞ்சு பேர் திரும்பினாங்க. மத்தவங்க சிரிச்சுட்டுப் போனாங்க. மஞ்சப்பை இப்போ நண்பர் கையில.

மாங்கனி ஓடையைத் தாண்டும்போது தண்ணி முழங்காலுக்குக் கீழேதான் இருந்துச்சு. ஆனா நிறம் மாறியிருந்துச்சு, டீ மாதிரி. பாட்டிக்கு நடுவுல பிடிமானம் போச்சு, ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். அரை மணி நேரம் கழிச்சு வனத்துறை ஆளுங்க கயிறோட ஓடி வந்தாங்க. அப்போ அந்த ஓடைச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவர் பேசுறது கேக்கலை. எங்க மேலே ஒரு சொட்டு மழை இல்லைங்கிறதுதான் கொடுமை.

அந்தக் குடும்பம் இறங்கலை. நாங்க கிளம்பியிருக்கலாம், யாருக்கும் மனசு வரலை. தாணிப்பாறையில கல்லுல உக்காந்துட்டோம். நாலு மணி, அஞ்சு மணி. மேலே இருந்தவங்களை தண்ணி வடியிற வரைக்கும் நிறுத்தி, அப்புறம் கயித்தைப் பிடிச்சு ஒவ்வொருத்தரா இறக்கினாங்க. நண்பர் வர்றவங்களை மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தார்னு நினைக்கிறேன், உதடு அசைஞ்சுச்சு. ஆறரைக்கு அந்த அப்பா தெரிஞ்சார். சின்னது தோள்ல தூங்குது. பெரியவனை ஒரு வனக்காவலர் தூக்கிட்டு வந்தார்.

பாட்டி முந்தானையை உதறிட்டு எந்திரிச்சுச்சு. "சரி, ஆட்டோவைக் கூப்பிடுய்யா."

டிஸ்கி: 2024 கோடையில நண்பர் மெயில் அனுப்பியிருந்தார். ஃபூஜியில யோஷிதா வழியிலயும் கேட் போட்டுட்டாங்களாம், 2,000 யென் கட்டணம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஏற விடறதில்லையாம். அங்கயும் ஜனங்க திட்டுறாங்களாம். கடைசி வரியில, பாட்டி நல்லா இருக்காங்களான்னு கேட்டிருந்தார். போன் நம்பர் வாங்கலை. அடுத்த பௌர்ணமிக்கு வத்திராயிருப்பு பஸ்லதான் தேடணும்.