எங்கே நின்றது?

"அறையைக் காலி செய்த பிறகு பத்திரிகையை நீக்கவும்."

வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்கு அனுப்பிய நோட்டீஸ் அல்ல இது. துப்பாக்கியைக் கையாள்வது பற்றிய கையேடு ஒன்றின் தமிழாக்கம். தோட்டா உட்காரும் சேம்பர் 'அறை' ஆகியிருந்தது. அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசின் 'பத்திரிகை' ஆகியிருந்தது. இருபது வருடமாகப் பத்திரிகையில் பிழைப்பு நடத்தும் எனக்கு இதைவிட நல்ல நகைச்சுவை கிடைக்காது.

காவலாளிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம், யாரோ அவசரத்தில் செய்த அந்தத் தமிழாக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தது. மூலம் வெளிநாட்டுக் கையேடு. மூன்று அத்தியாயங்கள்: மடக்கித் திறக்கும் இரட்டைக் குழல், பம்ப் ஆக்‌ஷன், செமி-ஆட்டோமேடிக். நம் ஊர் வங்கி வாசலில் முதல் இரண்டைப் பார்க்கலாம், மூன்றாவது அரிது. ஆனால் கையேட்டில் அதற்குத்தான் அதிகப் பக்கங்கள். அதிலும் பாதி, துப்பாக்கி மக்கர் செய்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியது.

சிரித்துக்கொண்டே திருத்தினேன். 'ஃபெயில்ஸ் டு சைக்கிள்' என்ற தலைப்பு வந்தது. 'துப்பாக்கி சுடாவிட்டால்' என்று எழுதினேன். இரண்டே சொல். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குச் சுருக்கமாக முடித்துவிட்ட திருப்தி வேறு. முதல் ஆள் செய்த தவறுகள் சிரிப்பதற்கு. நான் செய்தது அப்படி அல்ல என்று அப்போது தெரியவில்லை.

ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே மகனோடு இருக்கிறார் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம்; தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய பகுதி. ராணுவத்தில் இவர் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவர். ஓய்வுக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் வங்கிக் காவலாளி. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். எதற்கும் இவரிடம் ஒரு முறை காட்டிவிடலாம் என்று போனேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தாளைப் படித்தார். நிமிர்ந்தார்.

"சுடாவிட்டால்னு யாரும்மா சொன்னது? அது சுட்டுடுச்சு. சுட்டதுக்கு அப்புறம்தான் தகராறே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பாடம் தொடங்கியது. துப்பாக்கி ஏதும் இல்லை. வேலையை விட்டதுமே உரிமத்தையும் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டார். சுருட்டிய செய்தித்தாள்தான் குழல். தைலப் புட்டி தோட்டா. அவருடைய கட்டைவிரல் போல்ட்.

ஒரு தோட்டா வெடித்ததும் வரிசையாகச் சில வேலைகள் நடக்க வேண்டும் என்றார். பூட்டு திறக்க வேண்டும். நகம் போன்ற ஒரு கொக்கி காலித் தோட்டாவைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். அதை வெளியே எறிய வேண்டும். சுத்தியல் பின்னுக்குப் போய் நிற்க வேண்டும். அடுத்த தோட்டா மேலே ஏற வேண்டும். சேம்பருக்குள் நுழைய வேண்டும். மறுபடி பூட்டு விழ வேண்டும். இதுதான் சைக்கிள். இரட்டைக் குழலில் இவை பெரும்பாலும் மனிதனின் கைவேலை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை செய்த பம்ப் ஆக்‌ஷனிலும் கைதான். முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். செமி-ஆட்டோமேடிக்கில் மட்டும் வெடித்த தோட்டாவின் வலுவே அத்தனையையும் செய்து முடிக்கிறது, கண் இமைப்பதற்குள்.

அமெரிக்காவின் ஜான் பிரௌனிங் 1900இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1902 முதல் பெல்ஜியத்தில் அது தயாரானது. 'ஆட்டோ-5' என்ற பெயரில் ஏறக்குறைய நூறு வருடம் ஓடிய மாடல். சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கிறதே, அந்த உதைதான் அதற்கு மோட்டார். உள்ளே உராய்வு வளையம் ஒன்று இருக்கும். கனத்த தோட்டாவுக்கு ஒரு விதமாகவும், லேசான தோட்டாவுக்கு வேறு விதமாகவும் அதை மாட்ட வேண்டும். கனத்ததற்கு மாட்டிவிட்டு லேசானதைப் போட்டால், காலித் தோட்டா முழுதாக வெளியே வராது. மாற்றிச் செய்தால் துப்பாக்கி தன்னையே அடித்து உடைத்துக்கொள்ளும். பின்னால் வந்த பல மாடல்களில் உதைக்குப் பதில் வெடிமருந்தின் வாயுவே வேலை செய்கிறது. குழலில் உள்ள சிறு துளை வழியே வாயு வந்து பிஸ்டனைத் தள்ளும். துளையில் கரி அடைத்தால் தள்ளு குறையும். சில மாடல்களில் ஒரு ரப்பர் வளையம் வாயுவை அடைத்து நிறுத்தும். அது வெடித்தாலும் போச்சு.

"அப்போ மக்கர் பண்ணினா முதல்ல எதைக் கழட்டணும், ஐயா?"

"எதையும் கழட்டாதே. எங்கே நின்னுச்சுன்னு பாரு."

அந்தப் பதிலில்தான் முழுப் பாடமும் இருந்தது. காலித் தோட்டா சேம்பரிலேயே இருக்கிறதா? கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது தோட்டா ஊதியிருக்கும். வெளியே வரும் வாயிலில் சிக்கி நிற்கிறதா? வலு போதவில்லை, தோட்டா லேசானது, அல்லது உள்ளே அழுக்கு. காலி போய்விட்டது, புதியது ஏறவில்லையா? மேகசின் ஸ்ப்ரிங்கைப் பார். புதியது உள்ளே போயும் பூட்டு விழவில்லையா? போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ஸ்ப்ரிங்கில் பிசின் கட்டியிருக்கும். முதலில் வேறு தோட்டா போட்டுப் பார், பிறகு துடை, அதற்குப் பிறகுதான் உதிரிப் பாகம்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். வடாலா உப்பளமும் சிவ்ரி கழிமுகமும் பக்கத்தில். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்கூடத் துருப்பிடிக்கும். "இந்த ஊர்க் காத்துக்கு எண்ணெய் போடாம முடியாது. ஆனா பயந்துக்கிட்டு ஊத்துவாங்க பாரு, அதுதான் கெடுக்கும். எண்ணெயும் கரியும் தூசியும் சேர்ந்தா கோந்து."

ஒலிம்பிக்கில் சுடுகிறவர்களும் இதைத்தான் நம்புகிறார்களா என்று கேட்டேன். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது டிராப் போட்டி. அந்தப் போட்டியில் பெரும்பாலோர் வைத்திருப்பது மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கி. இரண்டாவது குண்டுக்கு இரண்டாவது குழல் தயாராக இருக்கிறது; சைக்கிளை நம்பி நிற்க வேண்டாம். ஹவில்தார் தலையசைத்தார்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தைலப் புட்டியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

வங்கியில் கூட வேலை பார்த்த காவலாளி ஒருவர், மாலையில் பம்ப் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துக்கொண்டிருந்தார். கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. "அடக் கயா" என்று கத்தினார். இந்தியில் அதற்குச் சிக்கிவிட்டது என்று பொருள். அங்கிருந்தவர்கள் காதில் அது கெட்டுப்போய்விட்டது என்று விழுந்தது. கெட்டுப்போன துப்பாக்கிக்கு யார் பயப்படுவார்கள்? உதவிக்கு வந்த பியூன் குழலின் வாயைப் பிடித்துக்கொண்டார். இவர் உலுக்கினார். கைப்பிடி முன்னே போய்ப் பூட்டிக்கொண்டது. இவருடைய விரல் விசையில் இருந்தது.

பியூனுக்கு இரண்டு விரல்கள் போயின.

"நீ எழுதினதும் அதேதாம்மா. சுடாவிட்டால்னு எழுதினா, படிக்கிறவன் இது சுடாதுன்னு நினைப்பான்."

வீட்டுக்கு நடந்து வரும்போது கால் கனத்தது. ஒரு வினைச்சொல். ஒரு கதையில் தவறிப்போனால் விமர்சகர் ஒருவர் திட்டுவார். அவ்வளவுதான். இங்கே தவறினால், எங்கோ ஓர் ஊரில், எட்டாவது வரை படித்த காவலாளி ஒருவர் என்னை நம்பிக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பார்.

அன்றிரவே முழுக் கையேட்டையும் மறுபடி எடுத்தேன். சொற்களைத் தேடி அகராதிக்குப் போகவில்லை. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி புழங்கிய காலத்திலேயே தமிழில் சொற்கள் தயாராக இருந்தன: தோட்டா, மருந்து, ரவை, குழல், விசை, கெட்டித்தல். சேம்பர், மேகசின், போல்ட் மூன்றும் காவலாளிகள் வாயில் இருப்பவை, அப்படியே விட்டேன். 'சுழற்சி' என்று எழுதி அடித்தேன். தலைப்பு 'துப்பாக்கி பாதியில் நின்றுவிட்டால்' என்றானது. அதற்குக் கீழே, மூலத்தில் எங்கோ உள்ளே கிடந்த எச்சரிக்கையை முதல் வரியாக்கினேன்: 'நின்றுவிட்ட துப்பாக்கி காலித் துப்பாக்கி அல்ல. விரலை விசையிலிருந்து எடு. குழலை ஆள் இல்லாத பக்கம் பிடி. விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், திறப்பதற்கு முன் அறுபது எண்ணு.'

நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: மூலத்தின் வரிசையை ஏன் மாற்றினீர்கள்? பியூனின் விரல்களைப் பற்றி எழுதி அனுப்பினேன். மறுபேச்சு இல்லை.

அச்சான பிரதியை ஹவில்தாரிடம் கொடுத்தபோது, சம்பளத்தில் ஒரு பங்கையும் கவரில் வைத்து நீட்டினேன். கவரைத் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு குறை.

"எழுத்தைப் பெருசாப் போடச் சொல்லும்மா. வாட்ச்மேன் வேலைக்கு வர்றவன் பாதிப் பேர் ஐம்பது தாண்டினவன். கண்ணாடி வீட்டுலதான் இருக்கும்."