பிரதி எங்கே இருக்க வேண்டும்: சில குறிப்புகள்

* ஒரு கிளஸ்டரில் மூன்று சேர்வர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஸ்டோரேஜ். ஒரு சேர்வர் விழுந்தால் அதில் ஓடிய வேர்ச்சுவல் மெஷின்கள் மற்றதில் எழும்பிவிடும். அந்தத் துணிவில்தான் பலர் பெக்கப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். ஸ்டோரேஜ் போனால் மூன்றுக்கும் ஒரே கதிதான்.

* ஸ்னாப்ஷொட் பெக்கப் ஆகாது. மூல டிஸ்க் கோப்பை நம்பி, அதே ஸ்டோரேஜில்தான் அதுவும் கிடக்கிறது. காணி உறுதியையும் அதன் பிரதியையும் ஒரே அலுமாரியில் பூட்டிவைத்த மாதிரி. அப்டேட் போட முன் எடுக்கலாம். வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். விட்டால் வளர்ந்து, இடத்தை நிரப்பி, ஓடுகிற மெஷின்களையே நிறுத்திவிடும்.

* விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 காலத்தில் கிளஸ்டரின் பொது வொலியூமில் பெக்கப் தொடங்கினால், மற்ற சேர்வர்களின் வாசிப்பும் எழுத்தும் நெட்வேர்க் வழியாக ஒரே சேர்வரைச் சுற்றிப் போகும், எல்லாம் மந்தமாகும். 2012 பதிப்பில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மாறாத ஒன்று: மெஷின் சேர்வர் விட்டுச் சேர்வர் மாறும். பெக்கப் மென்பொருளுக்குக் கிளஸ்டரின் பெயரைக் கொடுங்கள். தனிச் சேர்வரின் பெயரைக் கொடுத்தால் இடம்மாறிய மெஷின் விடுபடலாம்.

* 2023 ஓகஸ்ட் 26. லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தினதும் உட்பட. இணைப்பிலேயே இருந்த பெக்கப்பும் பூட்டப்பட்டது. மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. கழற்றி வைத்த ஒரு பிரதி இருந்திருந்தால் அந்த மாதங்கள் தப்பியிருக்கும். தினமும் இணைப்பில்லாத பெக்கப் எடுக்கும் ஏற்பாடு பிறகுதான் பேசப்பட்டது.

* ஆகவே பெக்கப் சேர்வரை அதே கிளஸ்டருக்குள் இன்னொரு மெஷினாக வைக்கக் கூடாது. அதன் பாஸ்வேர்டும் வேறாக இருக்க வேண்டும்.

* மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில்: புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய விதி. வெளியிடம் என்றால் அதே ஆபத்து எட்டாத இடம். முகத்துவாரத்தில் களனி ஆறு கடலில் சேர்கிறது. 2016 மே மாதம் அதே ஆறு பெருகித்தான் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கின. முகத்துவாரத்து ஒஃபிஸின் பிரதியைக் கொலன்னாவையில் வைத்தால் அது வெளியிடம் ஆகாது. கண்டியில் வையுங்கள், யாழ்ப்பாணத்தில் வையுங்கள்.

* 'வெற்றி' என்று பச்சையில் வரும் அறிக்கை போதாது. மாதம் ஒரு மெஷினையாவது நெட்வேர்க்கில் சேர்க்காமல் தனியாக எழுப்பி, டேட்டாபேஸைத் திறந்து, கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எழும்ப எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்றும் எழுதிவையுங்கள். விபத்து நடந்த அன்று முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்.