வேடந்தாங்கலில் முதல் கேமரா

சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பறவைகளோடு கேமராக்களையும் நிறையப் பார்க்கலாம். அவற்றில் பல, மாதத் தவணையில் வாங்கிய முதல் டி.எஸ்.எல்.ஆர்.

ஏமாற்றமும் இங்கேதான் தொடங்குகிறது. கேமராவோடு வந்த 18-55 எம்.எம். லென்ஸில், ஏரி நடுவே நீர்க்கடம்பு மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரை வெறும் வெள்ளைப் புள்ளிதான். ‘இதுக்கு செல்போனே போதுமே’ என்று வீட்டில் பேச்சு வாங்கியவர்கள் உண்டு.

அனுபவப்பட்டவர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, 55-250 அல்லது 70-300 எம்.எம். லென்ஸை வாடகைக்கு எடுத்து வருவது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையக் கூடாது. வெள்ளை இறகு வெளிறிப் போகாமலிருக்க எக்ஸ்போஷரைச் சற்றே குறைக்க வேண்டும்.

இன்னொன்றுக்குச் செலவில்லை. மாலை வரை காத்திருப்பது. இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போது செவ்வானமும் ஏரியும் மரங்களும் அதே சின்ன லென்ஸில் அழகாக அடங்கிவிடும்.

பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் இது. படத்துக்காகக் கைதட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள்!