ரெண்டு தையல்

செவிலிமேட்டில் என் மாமா பட்டு நெய்கிறவர். வரதராஜப் பெருமாள் படத்தைத் துடைக்கும்போது கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் குத்திவிட்டது. அரை அங்குலக் காயம். பக்கத்து கிளினிக்கில் ரெண்டு தையல் போட்டு, ‘ஒண்ணுமில்லே’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத் தறியில் உட்கார்ந்தவர் அலறினார். ‘‘மாப்ளே, இழை கையில இருக்கா இல்லையான்னே தெரியலைடா!’’

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 1971-ல் டாக்டர் வெங்கடசாமி கைகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கிய இடம். அங்கிருந்த இளம் டாக்டர் காயத்தை அதிகம் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். எல்லாம் மடங்கின. அப்பாடா என்றிருந்தது. அடுத்து, கண்ணை மூடச் சொல்லி நுனிகளைத் தொட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் பதிலே இல்லை!

‘‘நரம்பு அறுந்திருக்கு. கண்ணாடிக் காயத்துக்கு வாசல் சின்னது, உள்ளே வீடு பெருசு’’ என்றார். துணுக்கு ஏதும் தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுத்தார். கண்ணாடி பெரும்பாலும் அதில் தெரிந்துவிடுமாம்.

நரம்பைத் தைத்தார்கள். அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். தறி சும்மா கிடந்தது. வாங்கிய முன்பணம் மட்டும் சும்மா இருக்கவில்லை. இப்போது நெய்கிறார். ஆனால், அறுந்த இழையை விரல் சொல்வதில்லை, கண்ணால் தேடுகிறார்.

கண்ணாடி குத்தினால் காயத்தை அளக்காதீர்கள். தையலுக்கு முன்னாலேயே கேளுங்கள்... ‘‘விரல் மடங்குதா? நுனியில தொட்டா தெரியுதா?’’