எச்சரிக்கை என்று முடிந்தது?

2019 ஆகஸ்ட் 17, சனி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் மீண்டும் அனந்தசரஸ் குளத்துக்குள் போய்விட்டார். இனி 2059-இல்தான். ஜூலை 1 முதல் 48 நாளில் ஊருக்குள் வந்து போனவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். இலங்கையில் ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் அதிர்ச்சி அப்போது ஆறியிருக்கவில்லை. ஆகஸ்ட் 5-க்குப் பிறகு காஷ்மீர் அறிவிப்பையொட்டி நாடு முழுக்கக் காவல் கூடியிருந்தது. ஆனால் காஞ்சியில் உயிரைக் குடித்தது நெரிசல். ஜூலை 18 அன்று ஒரே நாளில் நான்கு பேர்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இலங்கை வழியாக லஷ்கர்-இ-தொய்பாவைச் சேர்ந்த ஆறு பேர் ஊடுருவியதாக உளவுத் தகவல். கோவையில் சோதனை, தமிழகம் முழுக்க உஷார் நிலை. கோயில், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எங்கும் காக்கிச் சட்டை.

'சந்தேகத்துக்கு இடமானவர்களைக் கண்டால் தெரிவியுங்கள்' என்பதுதான் இத்தகைய நாட்களில் மக்கள் காதில் விழும் வேண்டுகோள். பட்டுப் புடவை எடுக்கவும் சாமி கும்பிடவும் தினமும் வெளியூர்க்காரர்கள் வந்திறங்கும் ஊர் காஞ்சி. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர் யாரைச் சந்தேகப்படுவது? அடையாளம் சொல்லாத எச்சரிக்கை, முஸ்லிம்கள் வாழும் ஒலிமுகமதுபேட்டைக்காரர் மேல்தான் முதலில் விழும். கூடவே வாழ்கிறவரை ஒரே ராத்திரியில் அந்நியராக்கும் அறிவிப்பு, கண்காணிப்புக்கு உதவாது. தகவல் சொல்லக்கூடியவரின் வாயையும் அது அடைத்துவிடும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

உஷார் நிலையின் மூன்றாம் நாள். திருப்போரூரை அடுத்த மானாம்பதியில், கங்கையம்மன் கோயிலருகே கிடைத்த மர்மப் பொருளை இளைஞர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வெடித்தது. இருவர் உயிரிழந்தார்கள், சிலர் காயமடைந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டம் பிரியாத காலம். மானாம்பதி அன்று காஞ்சிபுரம் மாவட்டம்தான்.

பயங்கரவாதச் செயலோ என்ற பதற்றம் முதலில் எழுந்தது. அனுமந்தபுரம் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் வெடிக்காமல் போன குண்டாக இருக்கலாம் என்ற பக்கம் பிறகு விசாரணை திரும்பியது. மாநிலமே விழித்திருந்த வாரம் அது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி: தெரியாத உலோகப் பொருளைத் தொடாதே, தள்ளி நின்று போலீஸைக் கூப்பிடு. அந்த ஒரு வரி அவர்கள் காதில் விழாமல் போனதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

செப்டம்பர் 2019

2-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. வேளாங்கண்ணித் திருவிழாவும் பலத்த காவலோடு நடந்தது. உஷார் நிலை தொடங்கிய தேதி பலருக்கு நினைவிருக்கிறது. முடிந்த தேதியைக் கேட்டால் யாரும் சொல்வதில்லை. மக்கள் படித்தறியும்படியான படிநிலைகள் நம் நாட்டில் இல்லை. 'உஷார்', 'உச்சகட்ட உஷார்' என்ற செய்திச் சொற்கள்தான் உண்டு. ஏற்றுவதற்கு ஆள் இருக்கிறது, இறக்குவதற்கு இல்லை.

2022 நவம்பர் 28

இறக்கிக் காட்டிய நாடும் உண்டு. ஆஸ்திரேலியா தன் ஐந்து படி பயங்கரவாத எச்சரிக்கை அளவுகோலில் ஒரு படி இறங்கியது. 2014 முதல் உயர்ந்தே இருந்த நிலை அது. உளவு அமைப்பின் தலைவர் மைக் பர்ஜஸ் நேரில் வந்து, ஏன் இறக்குகிறோம், எந்த ஆபத்து இன்னும் மிச்சமிருக்கிறது என்று விளக்கினார். 2024 ஆகஸ்ட் 5 அன்று மறுபடி ஏற்றியபோதும் அவரே வந்தார். அடுத்த 12 மாதத்தில் தாக்குதலோ அதற்கான திட்டமிடலோ நிகழும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் என்று பொருளையும் சொன்னார். உடனடித் தாக்குதல் பற்றிய தகவல் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. இறக்கியதைக் காரணத்தோடு சொன்னதால்தான், மறுபடி ஏற்றியபோது அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது.

டிசம்பர் 6, எந்த ஆண்டும்

பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாள் என்பதால் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர் கோயில்களில் காவல் கூடும். மெட்டல் டிடெக்டர் சட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் 'பீப்' என்கிறது. இடுப்புச் சாவிக்கொத்து, பூக்கூடைக் கத்தரிக்கோல், கைப்பேசி எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம். காவலர் தலையசைக்கிறார், வரிசை நகர்கிறது. சென்னையிலிருந்து காஞ்சிக்கு வரும் வழியில்தான் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு அங்கே ராஜீவ் காந்தியிடம் சந்தன மாலையோடு வந்த பெண்ணின் உடலில் வெடிகுண்டு இருந்தது. அந்த இரவை மறக்காத ஊர்கள் இவை. சில நாள் கழித்துக் கூடுதல் காவலர்கள் வண்டியேறிப் போய்விடுகிறார்கள். ஏன் வந்தார்கள் என்றாவது ஊருக்குத் தெரியும். ஏன் போனார்கள் என்று எழுதிய ஒரு தாள்கூட கோபுர வாசலில் ஒட்டப்படுவதில்லை.