தேடிப் பார்த்தால் குறையும் செலவு

ஐப்பசி மழை தொடங்கித் தை மாதம் முடியும் வரை, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் காய்ச்சலோடு வருகிறவர்களைப் பார்க்கும் மருத்துவருக்கு உண்ணிக் காய்ச்சலின் நினைப்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். மருத்துவத்தில் இதை ஸ்க்ரப் டைஃபஸ் என்போம். புதர்களில் வாழும், கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத இளம் உண்ணி கடிப்பதால் வருவது. பல காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, இந்த நூற்றாண்டில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், ஊரக வேலைத் திட்டத்தில் புதர் வெட்டுபவர்கள் என்று அன்றாடக் கூலியில் வாழ்பவர்களையே அதிகம் பிடிக்கிறது.

இதற்கான மருந்து டாக்ஸிசைக்ளின். 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள்; மொத்தம் 14 மாத்திரை. ஒன்றின் விலை சில ரூபாய்தான். நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஒரு வாரம் தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். பிறகு ஐசியு, வென்டிலேட்டர், சில நேரம் டயாலிசிஸ். நோயும் ஆளும் அதேதான். கடந்துபோன நாட்கள்தான் சில நூறு ரூபாயில் முடிய வேண்டியதை லட்சங்களுக்கு ஏற்றிவிடுகின்றன.

எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது பல குடும்பங்களின் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதிலுள்ள சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பது என் வழக்கம். முதலில் ஊர் கிளினிக்கில் ஊசி. பிறகு டெங்கு, டைஃபாய்டு பரிசோதனைகள். அடுத்து ஒரு நர்சிங் ஹோமில் குளுக்கோஸும் விலை கூடிய ஆன்டிபயாடிக் ஊசிகளும். அவற்றில் பெரும்பாலானவை செஃபலோஸ்போரின் வகை. உடலின் செல்லுக்குள் ஒளிந்து வாழும் உண்ணிக் காய்ச்சல் கிருமியிடம் அவை எடுபடாது. பையின் அடியில் அடகுக்கடை ரசீதும் இருக்கும்.

5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் கண்கூடாகப் பார்க்கிறேன். ஆனால் மருத்துவமனை வாசலில் படுத்துக் கிடக்கும் மகனின் கூலி இழப்பும், பஸ் செலவும், சாப்பாடும், அதற்கு முன்பே கிளினிக்குகளில் கரைந்த பணமும் அதில் அடங்காது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் உடலை முழுமையாகச் சோதிப்பதை நான் பொருளாதாரக் கடமையாகவும் கருதுகிறேன். உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், சுற்றிலும் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு என்று பெரும்பாலும் மறைவிடங்களில்தான் இருக்கும். திரையை இழுத்துவிட்டு, “நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கம்மா” என்றால், “அங்கே ஒண்ணும் வலிக்கலையே டாக்டரம்மா” என்பார்கள். வலிக்காததால்தான் தேட வேண்டியிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பொருக்கு தெரிந்துவிட்டால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே மருந்தைத் தொடங்கிவிடலாம். எல்லோருக்கும் அது இருக்காது. இல்லாவிட்டாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் காத்திருக்கக் கூடாது.

நோய் முற்றியவர்களுக்கும் வழி தெளிந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று காட்டியது. ஆனால் அந்த நிலைக்கு வருவதற்குள் குடும்பம் கடனில் மூழ்கிவிடுகிறது.

கிராமத்துக்கு அருகில் கிளினிக் நடத்தும் இளம் மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், அடுத்த ஊசியை எழுதும் முன் நோயாளியைப் படுக்கவைத்துத் தலை முதல் கால் வரை பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் அதில் மிஞ்சும்.