ஸ்கேன் மெஷினும் ரெண்டு லெட்ஜரும்

பி.காம். படிக்கிறவர்களுக்கு இறக்குமதி என்றால் ஒரு வரிசை மனப்பாடம். ஆர்டர், லெட்டர் ஆஃப் க்ரெடிட், பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி, சுங்க வரி. கடைசியில் கஸ்டம்ஸ் 'அவுட் ஆஃப் சார்ஜ்' கொடுத்துவிட்டால் சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம். கதை முடிந்தது, பத்து மார்க் நிச்சயம்!

ஆனால் பெட்டிக்குள் இருப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் என்றால் கதை அங்கே முடிவதில்லை.

முதலில் மெஷின் எப்படி உள்ளே வருகிறது என்று பார்ப்போம். இந்தியச் சட்டப்படி ஸ்கேன் மெஷின் ஒரு 'மருந்து'. சிரிக்க வேண்டாம்... 1940-ஆம் வருட மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் உள்ள அந்தச் சொல்லுக்குள் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கான நடைமுறை 2017-ஆம் வருட மருத்துவக் கருவிகள் விதிகளில் இருக்கிறது. ஆபத்தைப் பொறுத்து கருவிகள் ஏ, பி, சி, டி என்று நாலு வகை. வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் இங்கே உள்ள ஏஜென்ட், எம்.டி.-14 படிவத்தில் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே பவர் ஆஃப் அட்டர்னி, தொழிற்சாலையின் தரச் சான்றிதழ், அந்த நாட்டில் அது தடையில்லாமல் விற்கப்படுகிறது என்ற சான்றிதழ் என்று ஒரு கட்டுக் காகிதம். எல்லாம் சரியாக இருந்தால் எம்.டி.-15 லைசென்ஸ் கிடைக்கும்.

இத்தனை காகிதமும் கேட்பது ஒரே கேள்வி: மெஷின் ஒழுங்கானதா?

யாருக்கு விற்கிறாய் என்று கேட்பது இன்னொரு சட்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடை செய்யும் 1994-ஆம் வருடச் சட்டம் அது. நடைமுறைக்கு வந்தது 1996-இல். 1991 சென்சஸில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-இல் அது 927. பஞ்சாபில் வெறும் 798! அதே 2001-இல் உச்ச நீதிமன்றம், ஸ்கேன் மெஷின்களை யார் யாருக்கு விற்றீர்கள் என்று கம்பெனிகளிடம் பட்டியல் கேட்டது. 2003-இல் சட்டத்தையே திருத்தி இறுக்கினார்கள்.

அதன்படி, பதிவு செய்யாத இடத்துக்கு மெஷினை விற்கக் கூடாது. வாடகைக்கோ இலவசமாகவோகூடக் கொடுக்கக் கூடாது. இது இறக்குமதியாளருக்கும் பொருந்தும். வாங்குகிறவரிடம், பாலினம் கண்டறியப் பயன்படுத்த மாட்டேன் என்று அஃபிடவிட் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலை மாநில அதிகாரிக்கும் மத்திய அரசுக்கும் அனுப்ப வேண்டும்.

"இதெல்லாம் சும்மா பேப்பர் வேலை சார்" என்று வியாபாரிகள் சலித்துக்கொள்வது உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட்டவர் எல்லாம் அதன்படி நடப்பார் என்று யார் சொன்னது? திருத்தம் வந்த பிறகு எடுத்த 2011 சென்சஸில் 927 என்பது 919 ஆனதே தவிர ஏறவில்லை.

ஆனால் அந்த மூன்று மாதப் பட்டியல் வேறு ரகம். பேங்க் ரிகன்சிலியேஷன் போட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நம் கேஷ் புக் ஒரு பக்கம், பேங்க் பாஸ்புக் ஒரு பக்கம். ரெண்டையும் ஒப்பிட்டால்தான் எங்கே உதைக்கிறது என்று தெரியும். இங்கேயும் அப்படித்தான். விற்றவரின் பட்டியல் ஒரு லெட்ஜர், அதிகாரியிடம் உள்ள பதிவேடு இன்னொரு லெட்ஜர். பட்டியலில் இருக்கிற மெஷின் பதிவேட்டில் இல்லையா? எங்கே போனது என்று தேட ஒரு முகவரியாவது கையில் இருக்கும். அதிகாரி உட்கார்ந்து டேலி பண்ணினால்தான் இதுவும். ஃபைலில் கோத்து வைத்தால் பட்டியலும் இன்னொரு அஃபிடவிட்தான்.

டேலி பண்ணுவது அரசாங்கத்தின் வேலை. டேலி பண்ண ஒரு லெட்ஜர் இருக்க வேண்டுமே, அதைக் கொடுப்பது இறக்குமதியாளரின் வேலை. நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் அப்படி ஒரு கம்பெனியில் டாக்குமென்டேஷன் சீட்டில் உட்காரலாம். பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனால், ஏதோ ஓர் ஊரில் ஒரு மெஷின் எந்தக் கணக்கிலும் வராமல் ஓடிக்கொண்டிருக்கும்.